கேன்சர் போயிடுச்சு, வலி போகலை: மாத்திரையைத் தாண்டி என்ன வழி?

புற்றுநோய் சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட் ‘கிளீன்’. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், சிகிச்சை எடுத்தவருக்கு மட்டும் ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறது. ஆபரேஷன் நடந்த பக்கம் கையைத் தூக்கினால் சுரீர் என்கிறது. வெளியே சொன்னால், “அதான் எல்லாம் சரியாகிடுச்சே, இன்னும் என்ன?” என்று கேட்கிறார்கள்.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் 2016, 2017-ம் ஆண்டுகளின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து ‘ஜாமா ஆன்காலஜி’ இதழில் 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி இருக்கிறது என்றது அந்த ஆய்வு. அதாவது, மூன்றில் ஒருவர். அவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அன்றாட வேலைகளையே முடக்கிப்போடுகிற வலி.

இதற்கு முதலில் கிடைப்பது மாத்திரை. அது போதாதபோது இன்னும் வீரியமான மாத்திரை. அந்த வரிசையின் உச்சியில் இருப்பவை மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு மருந்துகள். ‘இது இல்லாம தூக்கமே வராது’ என்ற நிலை வரும்போது அடுத்த பயம் பிடித்துக்கொள்கிறது: ‘நான் இதுக்கு அடிமையாகிட்டேனா?’

இங்கேதான் ‘பிஹேவியரல் தெரபி’ எனப்படும் நடத்தைசார் சிகிச்சை வருகிறது. பேரைக் கேட்டதுமே பலருக்கு கோபம் வரும்: “அப்போ என் வலி மனப்பிரமைன்னு சொல்றீங்களா?” நியாயமான கோபம்தான். ஆனால், அந்தச் சிகிச்சை சொல்வது அதை அல்ல.

நோய் போன பிறகும் வலி ஏன்?

முதலில், இந்த வலிக்கு உடலில் தெளிவான காரணங்கள் உண்டு. பாக்ளிடாக்ஸல், வின்கிரிஸ்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் கை, கால்களின் நுனி நரம்புகளைப் பாதிக்கின்றன. எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துகிற உணர்வு எல்லாம் அதனால் வருபவை. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் வழியாகப் போகும் நரம்பு சேதமடைந்தால், மேல் கையிலும் மார்பிலும் வலி வருடக்கணக்கில் தங்கிவிடலாம். கதிர்வீச்சு பட்ட இடத்தில் திசுக்கள் இறுகிப்போகும். மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்க ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகளால் மூட்டுவலி வருவது சகஜம். உயிரைக் காப்பாற்றிய அதே சிகிச்சைகள் விட்டுப்போன தழும்புகள் இவை.

ஆனால், காயத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் ‘கேட் கன்ட்ரோல்’ கோட்பாட்டை வெளியிட்டார்கள். உடலிலிருந்து வரும் வலிச் சமிக்ஞை, தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. அந்தக் கதவை அகலத் திறக்கவோ கொஞ்சம் சாத்தவோ மூளையாலும் முடியும் என்பதுதான் அதன் சாரம். கோட்பாட்டின் சில விவரங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. ‘மூளை வெறுமனே வலியை வாங்கிக்கொள்ளும் பெட்டி இல்லை’ என்ற அடிப்படை மட்டும் நிலைத்துவிட்டது.

கார் அலாரத்தை யோசித்துப் பாருங்கள். திருடன் கண்ணாடியை உடைத்தால் அது அலற வேண்டும். ஆனால், ஒருமுறை உடைக்கப்பட்ட பிறகு, பக்கத்தில் பூனை நடந்தாலே அலற ஆரம்பித்தால்? அலாரம் பொய் இல்லை, சத்தமும் பொய் இல்லை. அதன் உணர்திறன்தான் தாறுமாறாக ஏறியிருக்கிறது. மாதக்கணக்கில் வலியிலேயே இருந்த நரம்பு மண்டலத்துக்கும் இதுதான் நடக்கிறது. தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு மூன்றும் அந்த உணர்திறனை இன்னும் ஏற்றிவிடுபவை.

புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கு இதில் ஒரு கூடுதல் சுமை உண்டு. முதுகு பிடித்துக்கொண்டால் நமக்கு அது முதுகுப் பிடிப்பு. அவருக்கு அது, ‘திரும்ப வந்துடுச்சோ?’ என்ற கேள்வி. ஒவ்வொரு வலிக்கும் மூளை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், அலாரம் எப்படி அடங்கும்?

மாத்திரை ஏன் போதவில்லை?

1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு ‘ஏணி’யை அறிமுகப்படுத்தியது. முதல் படியில் சாதாரண வலிநிவாரணி, நடுவில் மிதமான ஓபியாய்டு, மேலே மார்ஃபின். கோடிக்கணக்கானவர்களின் கடைசி நாட்களை அது தாங்கக்கூடியதாக மாற்றியது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்திய நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு மிச்சமிருந்த காலம் குறைவு. இன்று புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் 10, 20 வருடங்கள் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடிப் பேருக்கு மேல். கடைசி மாதங்களுக்காகப் போடப்பட்ட ஏணியில் 20 வருடம் நிற்கச் சொல்வது வேறு கணக்கு.

எத்தனை பேர் அப்படி நிற்கிறார்கள்? குணப்படுத்தும் நோக்கத்தோடு புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, அதற்கு முன் ஓபியாய்டே எடுத்திராத சுமார் 40,000 அமெரிக்கர்களின் தரவை 2017-ல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஏறத்தாழ 10 சதவீதம் பேர் மூன்று மாதம் தாண்டியும் மருந்துச் சீட்டு காட்டி அந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் மூன்று வார்த்தைகளைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. போகப்போக அதே டோஸ் வேலை செய்யாமல் போவது, மருந்துக்கு உடல் பழகுவது. நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வருவது, உடல்சார்ந்த சார்பு. தினமும் காபி குடிப்பவருக்கு ஒருநாள் விட்டால் தலைவலி வருகிறதே, அதன் தீவிர வடிவம். இந்த இரண்டும் தொடர்ந்து ஓபியாய்டு எடுக்கும் யாருக்கும் வரும். அடிமைத்தனம் என்பது மூன்றாவது: கெடுதல் என்று தெரிந்தும், வாழ்க்கை குலைந்தும், விட முடியாமல் தேடிப் போவது. முதல் இரண்டு இருப்பவரை மூன்றாவது பெயரால் அழைப்பது தப்பு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. அவமானத்தில் அவர் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்.

அந்த ஆபத்தை அமெரிக்கா நேரிலேயே பார்த்தது. 1996-ல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரையோடு தொடங்கிய ஓபியாய்டு நெருக்கடி, பிறகு ஹெராயின், ஃபென்டனில் என்று உருமாறியது. 2021-ல் மட்டும் அங்கே போதைப்பொருள் மிகைநுகர்வால் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016-ல் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஓபியாய்டு எழுதுவதற்குக் கறாரான வழிகாட்டுதல் வெளியிட்டது. புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. நடைமுறையில் பல டாக்டர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்த விலக்கைப் பார்க்கவில்லை. பலருக்கு டோஸ் திடீரெனக் குறைக்கப்பட்டது. கடுமையான விலகல் அறிகுறிகள், தாங்க முடியாத வலி, தற்கொலை வரை விளைவுகள் போயின. திடீரென நிறுத்தக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022-ல் சி.டி.சி.யும் தன் வழிகாட்டுதலைத் தளர்த்தி எழுதியது.

அள்ளிக் கொடுத்ததும் சிக்கல், பிடுங்கிக்கொண்டதும் சிக்கல். அப்படியானால் மாத்திரை விட்டுப்போகும் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

கடிகாரம் சொன்னால் மாத்திரை

இந்தக் கேள்விக்கு முதலில் உருப்படியாக ஒரு பதில் தேடியவர் வில்பர்ட் ஃபோர்டைஸ். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர். அவர் கவனித்த விஷயம் எளிமையானது. வலி வந்தால் மாத்திரை என்று இருந்தால், ‘வலி, மாத்திரை, நிம்மதி’ என்ற சங்கிலியை மூளை கற்றுக்கொள்கிறது. வலி வந்தால் படுக்கை, வலி வந்தால்தான் வீட்டில் கவனிப்பு என்பதும் அதே மாதிரிதான். யாரும் நடிக்கவில்லை, உடம்பே பழகிக்கொள்கிறது.

அதனால், அவர் மாத்திரையை வலியிலிருந்து பிரித்துக் கடிகாரத்தோடு கட்டினார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட மணிக்கு மருந்து. அதையும் ஒரு திரவத்தில் கலந்து கொடுத்தார்கள். ‘பெயின் காக்டெயில்’ என்று அதற்குப் பெயர். திரவத்தின் சுவையும் நிறமும் மாறாது. உள்ளே இருக்கும் மருந்தின் அளவு மட்டும் நாளடைவில் மெல்லக் குறையும். இப்படிக் குறையப்போகிறது என்பது நோயாளிக்கு முன்கூட்டியே தெரியும். 1976-ல் இந்த முறைகளையெல்லாம் அவர் புத்தகமாக எழுதினார். இன்று நோயாளிகளிடம் அந்த காக்டெயிலை யாரும் நீட்டுவதில்லை. ஆனால் ‘கடிகாரப்படி’ என்ற யோசனை அப்படியே தங்கிவிட்டது. மாத்திரைக்கு மட்டும் இல்லை, வேலைக்கும்.

வலி இருப்பவர்களில் பலர் ஒரு சுழலில் மாட்டியிருப்பார்கள். கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாளில், விட்டுப்போன வேலையையெல்லாம் சேர்த்து வைத்துச் செய்வது. பரணை ஒதுக்கி, துணி துவைத்து, கடைக்கும் போய்வந்து, அடுத்த மூன்று நாள் படுக்கை. ‘பேசிங்’ என்ற பயிற்சி இந்தச் சுழலை உடைக்கப் பார்க்கிறது. எவ்வளவு நேரம் நடந்தால் வலி கூடுகிறது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் குறைவாகத் தொடங்க வேண்டும். 10 நிமிடம் என்றால் 10 நிமிடம்தான். நல்ல நாளிலும் அதைத் தாண்டக் கூடாது. மோசமான நாளிலும் முடிந்தவரை விடக் கூடாது. வாரம் போகப்போக ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். கேட்க சாதாரணமாக இருக்கும். நல்ல நாளில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இதில் கஷ்டமான பாகம்.

இதோடு எண்ணங்களையும் சேர்த்துக் கவனிப்பது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ‘இந்த வலி என்னைச் சாகடிக்காம விடாது’, ‘நோய் கண்டிப்பா திரும்பிடுச்சு’ என்ற எண்ணம் வரும்போது, அதை மறுக்கச் சொல்வதில்லை. ‘இதுக்கு என்ன ஆதாரம்? போன மாசம் இதே வலி வந்தப்போ என்ன ஆச்சு?’ என்று விசாரிக்கச் சொல்கிறது. மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, தூக்க ஒழுங்கு எல்லாம் கூடவே வரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் கீஃப் குழுவினர் வளர்த்தெடுத்த ‘வலியைச் சமாளிக்கும் திறன் பயிற்சி’ இந்த வகையைச் சேர்ந்தது. அதைப் புற்றுநோயாளிகளிடமும் சோதித்திருக்கிறார்கள்.

மாத்திரைக்கு முன் மூன்று நிமிடம்

வலி, மாத்திரை இரண்டையும் ஒரே நேரத்தில் கையாளுகிற சிகிச்சைகளில் இன்று அதிகம் பேசப்படுவது ‘மோர்’. நம்மூர் மோர் இல்லை. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளின் சுருக்கம். சமூகப்பணித் துறைப் பேராசிரியர் எரிக் கார்லண்ட் உருவாக்கியது. வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், குழுவாக உட்கார்ந்து, எட்டு வாரம்.

இதில் மூன்று விஷயங்கள் கற்றுத்தருகிறார்கள். ஒன்று, வலியைப் பிரித்துப் பார்ப்பது. ‘தாங்க முடியலை’ என்ற ஒற்றை உணர்வை உற்றுக் கவனித்தால், அதற்குள் சூடு, இறுக்கம், குறுகுறுப்பு என்று தனித்தனியாகத் தெரியும். நடுநடுவே வலியே இல்லாத இடைவெளிகளும் தெரியும். இரண்டு, எண்ணங்களை வேறு கோணத்தில் பார்ப்பது, இது சி.பி.டி.க்கு நெருக்கமானது. மூன்றாவதுதான் இதன் தனித்தன்மை: சந்தோஷத்தைத் திரும்பக் கற்றுக்கொள்வது. நீண்டகாலம் ஓபியாய்டு எடுக்கும்போது, இயல்பான இன்பங்களுக்கு மூளை சரியாகப் பதில் சொல்லாமல் போகிறது என்பது கார்லண்டின் வாதம். பூவின் வாசனை, வெயில், குழந்தையின் சிரிப்பு எதுவும் மனசில் ஒட்டாது. அப்போது மாத்திரை ஒன்றே நிம்மதி. அதனால், ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிறம், மணம், தொடுகை என்று நிதானமாக ரசிக்கப் பயிற்சி தருகிறார்கள். ‘இதெல்லாம் ஒரு சிகிச்சையா?’ என்று முதலில் தோன்றும்தான்.

மாத்திரை விஷயத்தில் இவர்களின் விதி ஒன்றுதான். எடுப்பதற்கு முன் மூன்று நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு, தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: ‘இப்போ எனக்கு வேண்டியது வலிக்கு மருந்தா? இல்லை, பயத்துக்கா, தனிமைக்கா, பழக்கத்துக்கா?’ வலிக்கு என்றால் எடுத்துக்கொள்ளலாம். யாரும் தடுப்பதில்லை, திட்டுவதில்லை. ஆனால் கை தானாகப் போய் டப்பாவைத் திறப்பது நிற்கிறது.

முடிவுகள்? யூட்டா மாநிலத்தில் 250 பேரிடம் நடந்த சோதனை 2022-ல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியானது. எல்லோருமே நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுத்து, அதைத் தவறாகப் பயன்படுத்தும் நிலைக்குப் போனவர்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, ‘மோர்’ குழுவில் 45 சதவீதம் பேர் தவறான பயன்பாட்டிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான ஆதரவுக் குழுவில் அது 24 சதவீதம். ‘மோர்’ எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தங்கள் டோஸைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை; பிற காரணங்களால் வலி உள்ளவர்கள். மீண்டவர்களிடமே நடந்த ஆய்வுகள் அளவில் சிறியவை. டென்மார்க்கில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வலியோடு இருந்த 129 பெண்களிடம் எட்டு வார மனக்கவனப் பயிற்சி சோதிக்கப்பட்டது. வலியின் தீவிரம் குறைந்தது, கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளும் குறைந்தன என்று 2016-ல் முடிவு வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கான உளவியல் சிகிச்சைகள் பற்றிய 75 சோதனைகளை, 9,400 பேரின் தரவோடு, 2020-ல் காக்ரேன் அமைப்பு அலசியது. சி.பி.டி.யால் வலியிலும் முடக்கத்திலும் கிடைக்கும் பலன் உண்மைதான், ஆனால் சிறியது என்றது. ‘பத்தே நாளில் வலி மாயம்’ என்று யூடியூபில் யாராவது விற்றால் தள்ளிப் போவது நல்லது. பத்துக்கு ஏழாக இருந்த வலி ஆறாகலாம். அந்த ஒரு எண்ணுக்காக எட்டு வாரமா என்று கேட்டால், பயன் வேறு இடத்தில் இருக்கிறது: ஆறிலேயே வேலைக்குப் போக முடிகிறதா, ராத்திரி தூங்க முடிகிறதா, மாத்திரை நான்கிலிருந்து இரண்டானதா என்பதில்.

உளவியல் சிகிச்சை தனியாக எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதும் உண்மை. கீமோவால் வந்த நரம்பு வலிக்கு டுலாக்ஸெடின் மருந்து பலன் தருவது 2013-ல் நிரூபிக்கப்பட்டது. மின் அக்குபஞ்சர் பலன் தருவதை நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை தலைமையில், மீண்டவர்கள் 360 பேரிடம் நடந்த சோதனை 2021-ல் காட்டியது. உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் எல்லாத் திட்டத்திலும் உண்டு. இவற்றோடு சேர்ந்துதான் நடத்தைசார் சிகிச்சை.

நம் ஊரில்?

அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் பிரச்சினை பல இடங்களில் நேர் எதிர். 1985-ல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கெடுபிடிகளுக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் நாட்டில், வலியில் துடிக்கும் புற்றுநோயாளிக்கு அது கிடைக்கவில்லை. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, உரிம முறை எளிதானது. இன்னமும் தேவைப்படுகிற எல்லோருக்கும் அது போய்ச் சேர்வதில்லை.

மறுபக்கம், வலி மாத்திரைகளைப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் கைது, டேபென்டடால் மாத்திரைகள் பறிமுதல் என்று நம் ஊர்ச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். டிராமடாலை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கட்டுப்பாடு தேவைதான். ஆனால், அதே மருந்துச் சீட்டோடு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிற, கேன்சரிலிருந்து மீண்டவரையும் அதே சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அவர் எங்கே போவார்?

இங்கே வழி இல்லாமல் இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புற்றுநோயாளிகளுக்கான உளவியல் துறை தனியாகவே இயங்குகிறது. வலி கிளினிக்குகளும் வலி தணிப்புப் பிரிவுகளும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. பயம், தூக்கமின்மை பற்றிப் பேச 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். குறை என்னவென்றால், ‘கேன்சர் முடிஞ்சிடுச்சு’ என்றானதும் இவற்றையெல்லாம் கோத்துக் கொடுக்க ஆள் இல்லை. நோயாளியே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, ‘வலி இருக்கு’ என்று மட்டும் சொல்வதைவிட, வலியால் எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று இரண்டு வார நோட்டு எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும். எத்தனை மாத்திரை, எந்த நேரம், எதற்காக என்பதையும் ஒளிக்காமல் எழுதலாம். கூடவே தூக்க மாத்திரையோ மதுவோ உண்டென்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். டோஸைக் குறைக்க ஆசைப்பட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லி, அவர் போட்டுத்தரும் கணக்குப்படிதான் குறைக்க வேண்டும். நெட்டில் படித்துவிட்டு நாளையிலிருந்து நிறுத்துவது கூடவே கூடாது.

பழகிய வலி வேறு, புது வலி வேறு. இதுவரை இல்லாத இடத்தில் வலி வந்தாலோ, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, கால் வலுவிழந்தாலோ மூச்சுப் பயிற்சி எல்லாம் அப்புறம். முதல் போன் உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கு.